கணக்கில் வராத குடும்பங்கள்: நெய்வேலி முதல் பரங்கிப்பேட்டை வரை மின் நிலையங்களும் நிலமற்ற தலித்துகளும்

2023 ஜூலை இறுதியில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், பால் பிடிக்கும் பருவத்து நெற்பயிரின் மீது மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடே பார்த்தது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தனது சுரங்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கான கால்வாய் அந்த வயல்களின் ஊடாக வெட்டப்பட்டது. போராட்டங்கள் எழுந்தன. ஜூலை 28 அன்று பா.ம.க. நடத்திய முற்றுகை வன்முறையில் முடிந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க வேண்டுமென ஆகஸ்டில் நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்த ஆணையை நாம் வரவேற்றோம். கண்ணெதிரே பயிர் அழிக்கப்படும்போது நீதிமன்றம் வாளாவிருக்கவில்லை என்பது சிறிய செய்தி அன்று. ஆனால் ஏக்கர் என்பது நிலத்தின் அளவை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்கிடும்போது, ஏக்கர் எவரிடம் இருக்கிறதோ அவரிடமே பணம் போய்ச் சேரும். அதே வயலில் நாற்றுப் பறித்தவர், நடவு நட்டவர், களை எடுத்தவர், இன்னும் சில வாரங்களில் கதிர் அறுத்துக் கூலி வாங்கவிருந்தவர் ஆகியோருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அவர்களுள் பெரும்பகுதியினர் எந்தக் குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள் என்பதைக் கடலூர் மாவட்டத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இக்கட்டுரை அந்த விடுபடலைப் பற்றியது. நிலமற்ற கூலிக் குடும்பத்துக்குச் சட்டத்தில் உரிமையே இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். அது உண்மையன்று. உரிமை எழுதப்பட்டிருக்கிறது. அந்த உரிமைக்கு உரியவர்களின் பட்டியலைத் தயாரிக்கும் கடமைதான் தமிழ்நாட்டில் சட்டத்தின் வழியாகவே அகற்றப்பட்டிருக்கிறது.

மண்ணும் மின்சாரமும்

நெய்வேலி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. 1957இல் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். சோவியத் ஒத்துழைப்புடன் கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் 1962 முதல் மின்சாரம் தந்தது. 600 மெகாவாட் திறன் கொண்ட அந்நிலையம் 2020 செப்டம்பரில் முழுமையாக மூடப்பட்டது. அதற்கு ஈடாக, தலா 500 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகளுடன் புதிய நிலையம் எழுந்தது. 1,470 மெகாவாட் இரண்டாம் நிலையம் இயங்கிவருகிறது. மேலும் தலா 660 மெகாவாட் திறனில் இரண்டு அலகுகளை அமைக்கும் திட்டமும் முன்வைக்கப்பட்டிருக்கிறது.

பழுப்பு நிலக்கரியைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வது கட்டுப்படியாகாது. ஈரப்பதம் மிகுதி, எரிதிறன் குறைவு. ஆகவே சுரங்கத்தின் வாயிலிலேயே மின் நிலையத்தைக் கட்டுகிறார்கள். இதன் பொருள், ஒவ்வொரு புதிய கொதிகலனும் சில ஆண்டுகளுக்குள் புதிய வயல்களைக் கேட்கும் என்பதே. கொதிகலன் நிற்கும் இடத்துக்கு மட்டும் நிலம் போதாது. கரிக்காகத் தோண்டும் குழிக்கும், மேல்மண்ணைக் கொட்டும் மேட்டுக்கும், சாம்பல் குளத்துக்கும், திருப்பிவிடப்படும் ஆற்றுக்கும் நிலம் வேண்டும். மின் நிலையத்தின் கட்டுமானத்தைச் சுரங்கத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது நெய்வேலியில் இயலாத காரியம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரி 20 விழுக்காடு. நாட்டு மக்கள்தொகையில் 16 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பட்டியல் சாதியினரிடம், நாட்டின் மொத்தச் சாகுபடிப் பரப்பில் 10 விழுக்காடுகூட இல்லை. எனவே நிலத்தை மட்டும் அளந்து இழப்பீடு தரும் எந்த முறையும், சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியின் வழியில் பணத்தைப் பங்கிடுகிறது.

நிலம் இழந்த சிறு விவசாயிகளின் துயரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வன்னியர் உள்ளிட்ட இடைநிலைச் சாதிகளைச் சேர்ந்த சிறு, குறு விவசாயிகள் பல பத்தாண்டுகளாகப் போராடிவருகிறார்கள். வேலை தருவதாகச் சொல்லி எடுத்த நிலத்துக்கு வேலை வரவில்லை என்ற அவர்களின் குற்றச்சாட்டு பழையது, நியாயமானது. ஆனால் அந்தப் போராட்டத்தின் மேடையிலும் ‘பாதிக்கப்பட்டோர்’ என்ற சொல் பெரும்பாலும் பட்டா வைத்திருப்போரையே குறிக்கிறது. அரசு விட்ட இடத்தைப் போராட்டமும் நிரப்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

நிலமெடுப்பில் நியாயமான இழப்பீடு, வெளிப்படைத்தன்மை, மறுவாழ்வு, மறுகுடியமர்வு ஆகியவற்றுக்கான 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1894இன் காலனியச் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இழப்பீட்டுத் தொகையில் மட்டும் இல்லை. ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதற்கு 3ஆம் பிரிவு தரும் விளக்கத்தில்தான் அது அடங்கியிருக்கிறது.

அந்த விளக்கத்தின்படி, சொந்த நிலமில்லாவிட்டாலும், நிலமெடுப்புக்கு முந்தைய 3 ஆண்டுகளாக அப்பகுதியில் விவசாயக் கூலிகளாகவோ, எந்த வகைக் குத்தகைதாரராகவோ, வாரதாரராகவோ, கைவினைஞராகவோ வாழ்ந்து, நிலமெடுப்பால் முதன்மை வாழ்வாதாரத்தை இழக்கும் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே. நீர்நிலைகளை நம்பி வாழும் மீனவர்களும் படகோட்டிகளும் அதில் அடங்குவர். அரசுத் திட்டத்தின்கீழ் ஒப்படை பெற்ற நிலத்தை இழப்பவரும் அடங்குவார். ஒப்படை நிலத்துக்குப் பட்டா பெறும் தகுதியுடையவரைச் சட்டம் ‘நில உரிமையாளர்’ என்றே கருதுகிறது. பஞ்சமி நிலத்தின் வரலாறு அறிந்த நமக்கு இந்த வரி எத்துணை முக்கியமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விளக்கம் வெறும் அலங்காரம் அன்று. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஒவ்வொரு பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் மூன்று தெரிவுகளை வைக்கிறது. திட்டத்தால் வேலைகள் உருவாகுமானால், உரிய பயிற்சி அளித்து, குடும்பத்தில் ஒருவருக்காவது குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத வேலை. அல்லது ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய். அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத ஆண்டுத்தொகை. அதுவும் விவசாயத் தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப உயர வேண்டும். வீட்டுமனை இல்லாத குடும்பமும், 3 ஆண்டுகள் தொடர்ந்து அங்கு வசித்துவந்து விருப்பமின்றி வெளியேற்றப்பட்டால், வீடு பெற உரிமையுடையது.

ஆக, வளையமாதேவி போன்ற ஓர் ஊரில் நடவுக் கூலியையே நம்பி வாழும் குடும்பம், பட்டா இல்லாத ஒரே காரணத்தால் வெறுங்கையுடன் நிற்க வேண்டிய நிலையைச் சட்டம் விதிக்கவில்லை. பிறகு ஏன் நிற்கிறது?

பட்டியல் எங்கே போயிற்று

மத்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவு முதல் 9ஆம் பிரிவு வரை சமூகத் தாக்க மதிப்பீட்டைப் பற்றிப் பேசுகின்றன. நிலம் எடுக்கும் முன்பே ஊராட்சியுடன் கலந்து, எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படும், எந்த வகையில் பாதிக்கப்படும் என்று ஆராய்ந்து, மக்கள் முன் பொது விசாரணை நடத்த வேண்டும். 16ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. நிலம் இழப்போரின் வாழ்வாதார இழப்பை மட்டுமல்லாமல், அந்நிலத்தைச் சார்ந்து வாழும் நிலமற்றோரின் வாழ்வாதார இழப்பையும் வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும் என்கிறது. கூலித் தொழிலாளியின் பெயர் அரசின் ஏட்டில் ஏறும் இடம் இதுதான்.

தமிழ்நாட்டில் அந்த இடம் அடைக்கப்பட்டது. 2013 சட்டத்தில் 105அ என்னும் பிரிவைத் தமிழ்நாடு சேர்த்து, தன்னுடைய மூன்று சட்டங்களுக்கு விலக்கு அளித்துக்கொண்டது. தொழில் தேவைகளுக்கான நிலமெடுப்புச் சட்டம், 1997. நெடுஞ்சாலைகள் சட்டம், 2001. மூன்றாவது, அரிஜன நலத் திட்டங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம், 1978. சேரி மக்களுக்கு வீட்டுமனை தருவதற்கென்று இயற்றப்பட்ட ஒரு சட்டம், சேரி மக்களைக் கணக்கெடுக்கும் கடமையிலிருந்து தொழில் நிறுவனங்களை விடுவிக்கும் அதே விலக்குப் பட்டியலில் துணைக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது. ‘நலன்’ என்ற சொல்லின் மீது இதைவிடப் பெரிய கேலி இருக்க முடியாது.

2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விலக்கைச் செல்லாது என்றது. தமிழ்நாடு சட்டமன்றம் அதே ஆண்டில் ஒரு மீட்புச் சட்டத்தை இயற்றி மூன்று சட்டங்களுக்கும் முன்தேதியிட்டு உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மீட்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. நெய்வேலிக்காக மாநில அரசு நிலம் எடுக்கும்போது கையாள்வது இம்மூன்றில் முதலாவதான 1997ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான்.

இதன் விளைவைக் கவனமாகப் பார்க்க வேண்டும். மத்தியச் சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு அட்டவணைகள் இம்மூன்று சட்டங்களுக்கும் பொருந்தும் என்பதே 105அ பிரிவின் ஏற்பாடு. எனவே எவரும் எதையும் இழக்கவில்லை என்று அரசு வாதிடலாம். நில உரிமையாளரைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் ஓரளவு பொருளுண்டு. அவர் பெயர் வருவாய்த் துறையின் சிட்டாவிலும் அடங்கலிலும் ஏற்கெனவே இருக்கிறது. அவரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சமூகத் தாக்க மதிப்பீடு தேவையில்லை. 1997 சட்டத்தின்படி அறிவிப்பும் விசாரணையும் உரிமையாளரையும் அந்நிலத்தில் உரிமை கோரக்கூடியவரையும் நோக்கியவை. கூலித் தொழிலாளிக்கோ எந்த வருவாய் ஏட்டிலும் பெயரில்லை. அவரைப் பட்டியலில் ஏற்றியிருக்கக்கூடிய ஒரே நடைமுறை நீக்கப்பட்டுவிட்டது. உரிமை அட்டவணையில் இருக்கிறது. உரிமையாளர் எந்த அட்டவணையிலும் இல்லை.

சட்ட உதவிக்காக இக்குடும்பங்கள் எங்களிடம் கொண்டுவரும் காகிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, சாதிச் சான்றிதழ். குத்தகைக்குப் பயிரிட்டவர்களிடம் வாய்மொழியைத் தவிர வேறு சான்றில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் பதிவு செய்தால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று அஞ்சும் தலித் குத்தகைதாரர், அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தும் நிலையில் ஒருபோதும் இருந்ததில்லை.

இத்தனைக்கும் அரசிடம் தரவு இல்லாமல் இல்லை. உழவர் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் விவசாயத் தொழிலாளர்களுக்கு அரசே அடையாள அட்டை வழங்குகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் பதிவேடு ஊராட்சி வாரியாக இருக்கிறது. ஓய்வூதியத்துக்கும் ஈமச்சடங்கு உதவிக்கும் விவசாயத் தொழிலாளியை அடையாளம் காண முடிந்த அரசு, நிலம் எடுக்கும் நாளில் மட்டும் அவரை அடையாளம் காண இயலாது என்பதை நாம் ஏற்க முடியாது.

கட்டுமானத்தில் கிடைக்கும் வேலை

‘மின் நிலையம் வந்தால் வேலை வரும்’ என்பது வழக்கமான மறுமொழி. அந்த வேலை எப்போது, எவருக்கு, எத்தனை காலத்துக்கு வருகிறது என்று பார்ப்போம்.

அனல்மின் நிலையக் கட்டுமானம் பல கட்டங்களைக் கொண்டது. முதலில் நிலத்தைச் சமன்படுத்தி மண் வேலை செய்கிறார்கள். பிறகு அடித்தளத் தூண்களும் கான்கிரீட் வேலையும். அடுத்து, கொதிகலனைத் தாங்கும் இரும்புச் சட்டகம் உயர்கிறது. பெரிய அலகுகளுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் வரை எழுகிறது. அதன்பின் உயர் அழுத்தக் குழாய்களைப் பற்றவைத்தல், சோதனையோட்டம், உற்பத்தி. உள்ளூர்க் கூலிகளுக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் முதல் இரு கட்டங்களில்தான். பற்றவைப்பு, குழாய் பொருத்துதல், மின்னிணைப்பு போன்ற தேர்ச்சி வேலைகளுக்கு ஒப்பந்த நிறுவனங்கள் வெளியிலிருந்து ஆட்களை அழைத்துவருகின்றன. நிலையம் மின்சாரம் தரத் தொடங்கும் நாளில் கட்டுமானக் கூலியின் தேவை முடிந்துவிடுகிறது. நிலத்திலோ திரும்பிச் செல்ல வயல் இல்லை.

நெய்வேலியின் புதிய அனல்மின் நிலையத்துக்கு 2011இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. முதல் அலகு வணிக உற்பத்தியைத் தொடங்கியது 2019 டிசம்பரில். எட்டு ஆண்டுகளுக்கு மேல். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு தலித் இளைஞரைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்துச் சான்றிதழ் பெறச் செய்து, பணியனுபவமும் பெறவைக்க இந்தக் கால அளவு தாராளமாகப் போதும். சட்டம் ‘உரிய பயிற்சி அளித்து வேலை’ என்று சொல்வதன் பொருள் இதுவே. கட்டுமானம் முடிந்த பின் ‘தகுதியான ஆள் உள்ளூரில் இல்லை’ என்று சொல்வது தகுதியின்மையைக் காட்டவில்லை; பயிற்சி தரப்படாததையே காட்டுகிறது.

நிரந்தர வேலைக்கும் ஒப்பந்த வேலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு நமக்கு ஊதிய வேறுபாடு மட்டும் அன்று. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தமிழ்நாட்டில் உள்ளூர் அளவில் நேரடியாக நிரப்பும் மூன்றாம், நான்காம் பிரிவுப் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கு 19 விழுக்காடும் பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. 45 நாள்களுக்குக் குறையாத தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு பொருந்தும் என்று மத்திய அரசே பலமுறை அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் ஒப்பந்ததாரர் வழியாக வரும் தொழிலாளி சட்டத்தின் பார்வையில் நிறுவனத்தின் நியமனமே அல்லர். 100 நிரந்தர இடங்கள் ஒப்பந்த வேலையாக மாறினால், 19 இடங்கள் ஓசையின்றி அழிகின்றன. ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளர் தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் தீர்ப்பளித்த பின் அந்த வாயிலும் குறுகிவிட்டது.

இங்கும் கணக்கில் வராமை தொடர்கிறது. ஒப்பந்ததாரர் பராமரிக்க வேண்டுமென 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகள் வகுத்த தொழிலாளர் பதிவேட்டில் பெயருக்கும் வயதுக்கும் முகவரிக்கும் இடமுண்டு; சாதிக்கு இடமில்லை. நிரந்தரப் பணியாளர்களுக்கு இடஒதுக்கீட்டுப் பதிவேடு உண்டு. அதை நாம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். கரி தள்ளுவோர், சாம்பல் அள்ளுவோர், கழிவு அகற்றுவோர் எந்தச் சமூகத்தினர் என்று கேட்டால் கையில் எடுத்துத் தர ஏடு இராது.

இந்த வேலையின் ஆபத்தை 2020 கண்முன் நிறுத்தியது. மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஒரு கொதிகலனில் நேர்ந்த விபத்தில் தொழிலாளர்கள் தீக்காயமுற்று, அவர்களில் சிலர் மருத்துவமனையில் உயிரிழந்தனர். எட்டு வாரம் கழிந்து, ஜூலை 1 அன்று, அதே நிலையத்தின் ஐந்தாம் அலகில் மீண்டும் வெடிப்பு. சம்பவ இடத்திலேயே 6 ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாண்டனர். காயமுற்றோரில் மேலும் பலர் அடுத்த நாள்களில் இறந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாயை இடைக்கால அபராதமாகச் செலுத்த ஆணையிட்டது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2014 மார்ச்சில், நெய்வேலியில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டுக்கு ஓர் ஒப்பந்தத் தொழிலாளி பலியானார். ஊருக்கு வெளியே வாழ்ந்தவர் வேலைக்குச் சென்ற இடத்திலும் நிறுவனத்துக்கு வெளியிலேயே நிறுத்தப்படுகிறார். சாவு மட்டும் உள்ளே நிகழ்கிறது.

பரங்கிப்பேட்டையின் பாடம்

பொதுத்துறை நிறுவனத்தில் நிலை இதுவானால் தனியார் நிலையத்தில் எப்படி என்பதை அறியக் கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் சாலையில் செல்ல வேண்டும். பரங்கிப்பேட்டை அருகே, பிச்சாவரம் அலையாத்திக் காடுகளுக்குத் தொலைவில்லாத கடலோரத்தில், ஐ.எல்.எஃப்.எஸ். குழுமத்தின் அனல்மின் நிலையம் நிற்கிறது. தலா 600 மெகாவாட் திறனில் இரண்டு அலகுகள். வெளியிலிருந்து கடல் வழி வரும் நிலக்கரியை நம்பிய திட்டம்.

இத்திட்டத்துக்கு 2010 மே மாதம் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. உள்ளூர் மக்கள் அதை எதிர்த்துச் சென்றனர். கடலூர்ச் சிப்காட் ஆலைகளும் பிற திட்டங்களும் ஏற்கெனவே சூழ்ந்த பகுதியில், இந்நிலையம் ஒன்றின் பாதிப்பை மட்டும் தனியே அளந்தது தவறு. அனைத்தும் சேர்ந்து விளைவிக்கும் ஒட்டுமொத்தப் பாதிப்பை ஆராய வேண்டும் என்பது அவர்களின் வாதம். 2012 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவ்வாதத்தை ஏற்று, அனுமதியை மறுபரிசீலனை செய்யப் பணித்தது. 2014 நவம்பரிலும் தீர்ப்பாயம் இதே அனுமதியில் குறை கண்டது. ஆயினும் 2015இல் முதல் அலகும் 2016இல் இரண்டாம் அலகும் இயங்கத் தொடங்கின. வழக்கில் மக்கள் சொன்னது சரியென்று தீர்ப்பாயம் கண்ட பின்னும் புகைபோக்கி உயர்ந்துகொண்டே இருந்தது. 2018இல் அக்குழுமமே கடன் சுமையில் சரிந்தது. அதன் இயக்குநர் குழுவை அகற்றி மத்திய அரசு அக்டோபரில் பொறுப்பேற்றது. கடன் கொடுத்தோரின் பட்டியல் தயாரிக்கப்பட்டது, தீர்வு தேடப்பட்டது. வயலையும் உப்பங்கழியையும் இழந்த கூலிகளின் பட்டியலைத் தயாரிக்க எவரும் முனையவில்லை.

இதில் நமக்குரிய பாடம் காலத்தைப் பற்றியது. கட்டுமானம் நீதிமன்றத்துக்காகக் காத்திருப்பதில்லை. கோடிக்கணக்கில் செலவழித்து எழுப்பிய பின், ‘இவ்வளவு முதலீட்டை வீணாக்கலாமா’ என்ற கேள்வியே வலுவான வாதமாகிவிடுகிறது. ஆகவே கணக்கெடுப்பு, முதல் மண்வெட்டி விழும் முன்பே நடக்க வேண்டும். கூலித் தொழிலாளியைப் பொறுத்தவரை இது இன்னும் கண்டிப்பான உண்மை. நில உரிமையாளர் பத்து ஆண்டுகள் கழித்தும் தன் பட்டாவைக் காட்டி வழக்காடலாம். கூலித் தொழிலாளியின் ஒரே சான்று அவர் வேலை செய்த வயலும், அவரை அங்கே கண்ட அக்கம்பக்கத்தாரும். வயல் குழியாகி, குடும்பம் திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போன பின், மூன்று ஆண்டுகள் உழைத்ததை எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்?

எழும் எதிர்வாதங்கள்

மாநிலத்துக்கு மின்சாரம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். சேரிக்கும் வேண்டும். மின்சாரத்தின் தேவை, அதன் விலையை நிலமற்றோர் தலையில் இறக்கிவைப்பதற்கு நியாயமாகாது. கணக்கெடுப்பால் திட்டம் தாமதமாகும் என்பார்கள். ஒப்புதலுக்கும் உற்பத்திக்கும் இடையே எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் துறை, சில மாதக் கணக்கெடுப்பைத் தாமதம் என்று சொல்வது பொருந்தாது. கூலி என்று பொய் சொல்லிப் பலர் பட்டியலில் நுழைவார்கள் என்பார்கள். கிராம சபையில் பட்டியலை வாசித்தால் எவர் உழைத்தவர், எவர் உழைக்காதவர் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கூரையைப் பிரித்துச் சூரியத் தகடு பதிக்கும் காலத்தில் அனல்மின் நிலையத்தைப் பற்றிப் பேசுவது பழங்கதை என்றும் சிலர் கருதலாம். சூரிய மின் பூங்காவுக்கும் நிலம் வேண்டும். பரப்பளவில் பெரிதாகவே வேண்டும். அந்நிலத்தில் மேய்ச்சலுக்கும் களைக்கும் போனவர்களின் பெயரும் எந்த ஏட்டிலும் இராது. எரிபொருள் மாறும்போது இந்த விடுபடல் தானாக மாறிவிடாது.

செய்ய வேண்டியவை

அரசிடம் நாம் கேட்பது நான்கு. ஒன்று, 1997 சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் எந்த நிலத்துக்கும், 16ஆம் பிரிவு கூறும் வகையில், நிலமற்றோரையும் உள்ளடக்கிய குடும்பக் கணக்கெடுப்பை அரசாணை வழியாகவேனும் கட்டாயமாக்க வேண்டும். அட்டவணைகள் பொருந்துமென்றால், அவற்றை நிறைவேற்றத் தேவையான பட்டியலும் பொருந்த வேண்டும் என்பது எளிய தர்க்கம். இரண்டு, ஏற்கெனவே எடுத்த நிலங்களுக்கு உழவர் பாதுகாப்பு அட்டை, நூறு நாள் வேலைப் பதிவேடு ஆகியவற்றைச் சான்றாக ஏற்று, விடுபட்ட குடும்பங்களைச் சேர்க்க வேண்டும். மூன்று, மின் நிலையக் கட்டுமான ஒப்பந்தங்களிலேயே பாதிக்கப்பட்ட குடும்பங்களின் இளைஞர்களுக்கான பயிற்சியை நிபந்தனையாக எழுத வேண்டும். நான்கு, பொதுத்துறை நிறுவனங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் சமூகவாரி விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

மறுகுடியமர்வுத் தலங்களையும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. அங்கு அமைக்க வேண்டிய வசதிகளைக் கூறும் மூன்றாம் அட்டவணை, இடுகாடு, சுடுகாட்டை ‘அங்குள்ள சாதிச் சமூகங்களையும் அவர்தம் வழக்கங்களையும் பொறுத்து’ அமைக்கலாம் என்கிறது. பழைய ஊரின் தீண்டாமையைப் புதிய மனைப்பிரிவில் வரைபடமாக்க இந்த ஒரு வரி போதும். பொதுச் சுடுகாடு, பொதுப் பாதை, கலந்த மனை ஒதுக்கீடு என்பதைத் தொடக்கத்திலேயே வலியுறுத்தாவிட்டால், அரசுச் செலவில் இன்னொரு காலனி எழும்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியவையும் உள. நிலமெடுப்பு அறிவிப்பு வந்த ஊர்களில், அரசு கணக்கெடுக்கும் வரை காத்திராமல் நாமே வீடு வீடாகப் பட்டியல் எடுக்க வேண்டும்: எவர், எந்தப் புல எண் நிலத்தில், எத்தனை ஆண்டுகள், என்ன வேலை. அதைக் கிராம சபையில் தீர்மானமாக்கி, மாவட்ட ஆட்சியருக்கு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனி மனுவாகக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கு நகல் அனுப்ப வேண்டும். அரசியலமைப்பின் 338ஆம் உறுப்பு அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தின் விசாரணை அதிகாரத்தைத் தந்திருக்கிறது. தலித்துகளின் கைவசமுள்ள நிலத்தையோ நீர்நிலையையோ முறைகேடாகப் பறிப்பதும், பயிரை அழிப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குற்றம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நாளை வழக்கு மன்றத்தில் நிற்கும்போது, இன்று எழுதிய அந்த நோட்டுப் புத்தகமே நம் பட்டா.

கணக்கெடுப்பின் வலிமையை இம்மாவட்டம் அறியாததன்று. காட்டுமன்னார்கோவில் மண்ணிலிருந்து வந்த இளையபெருமாள், நாடு முழுவதும் சென்று தீண்டாமையின் வடிவங்களை ஊர் ஊராகப் பதிவு செய்து 1969இல் அறிக்கை அளித்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். இல்லை என்று சொல்லப்பட்டதை எழுதிவைத்து மறுக்க முடியாததாக்கிய பணி அது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியதும், எழுத்தின்றி உரிமை நிலைக்காது என்ற அறிவால்தான்.

நெய்வேலியின் அடுத்த கொதிகலனுக்கான அடித்தளம் தோண்டப்படும் முன்பு அந்தப் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும். ஏக்கருக்கு எவ்வளவு என்று அரசு அறிவிக்கும் நாளில், குடும்பத்துக்கு எவ்வளவு என்று கேட்க நம்மிடம் பெயர்கள் இருக்க வேண்டும்.